ஹோதா என்ற சொல் எங்கே போயிற்று?

2024 ஆந்திரத் தேர்தலுக்குப் பிறகு, “வாக்காளர்கள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள்” என்ற வாக்கியத்தைக் கருத்தரங்குகளிலும் தேநீர்க் கடைகளிலும் பலமுறை கேட்டுவிட்டேன். சித்தூரில் பிறந்து திருப்பதியில் ஆய்வு செய்யும் எனக்கு, அந்த வாக்கியத்தில் எழுவாய் தவறாக இருப்பதாகத் தோன்றுகிறது. சாய்ந்தவை கட்சிகள். வாக்காளர்கள் நின்ற இடத்திலேயே நின்று சலித்துப் போயிருக்கிறார்கள்.

மொழியியல் படித்தவன் தேர்தல் அறிக்கைக்கு முன் சொற்களைக் கவனிப்பான். 1982இல் என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது முன்வைத்த சொல் ‘ஆத்மகௌரவம்’. தில்லியின் முன் ஒரு மொழியினத்தின் தன்மதிப்பு என்பது அதன் பொருள். 2014இல் மாநிலம் பிரிந்த பின் அந்த இடத்தைப் பிடித்தது ‘ஹோதா’, அதாவது சிறப்பு அந்தஸ்து. அதை முன்னிட்டே 2018 மார்ச்சில் சந்திரபாபு நாயுடு தேசிய ஜனநாயகக் கூட்டணியை விட்டு வெளியேறினார். ஜெகன்மோகன் ரெட்டியும் அதே சொல்லை ஊர் ஊராகப் பேசி, 2019இல் 175 தொகுதிகளில் 151ஐ வென்றார். பவன் கல்யாண் அத்தேர்தலில் இடதுசாரிகளோடும் பகுஜன் சமாஜ் கட்சியோடும் கைகோத்து நின்றார்; சே குவேராவைத் தம் ஆதர்சங்களுள் ஒருவராகச் சொல்லிவந்தார். பாரதிய ஜனதா கட்சி மாநிலத்தில் நோட்டாவை விடக் குறைவாகவே வாக்குப் பெற்றது.

ஐந்தே ஆண்டுகளில் நாயுடுவும் பவன் கல்யாணும் அதே பாஜகவுடன் ஓரணியில் நின்று 164 இடங்களை வென்றார்கள். ஜெகன் கட்சி ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் 370ஆம் பிரிவு நீக்கத்தையும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் ஆதரித்திருந்தது. ‘ஹோதா’வைக் காங்கிரசும் இடதுசாரிகளும் மட்டுமே உரக்கச் சொன்னார்கள், அவர்களுக்குக் கிடைத்த இடங்கள் பூச்சியம்.

2024 செப்டம்பரில் லட்டு விவகாரம் வெடித்தது. முந்தைய ஆட்சியில் பிரசாத நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்ததாக முதல்வர் குற்றஞ்சாட்டினார். துணை முதல்வர் பவன் கல்யாண் பதினொரு நாள் பிராயச்சித்த விரதம் இருந்து, அக்டோபர் 3 அன்று திருப்பதியில் சனாதன தருமத்தைக் காக்கத் தேசிய அளவில் சட்டம் வேண்டும் என்று முழங்கினார். ஜெகன் கட்சியோ மாநிலமெங்கும் கோயில்களில் பூசை நடத்த அழைப்பு விடுத்தது. கடவுளரை அரசியலிலிருந்து விலக்கி வையுங்கள் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. குற்றச்சாட்டின் உண்மையை ஆராய்வது புலனாய்வின் பணி. என் கவனம் வேறு: ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே அகராதியைப் புரட்டத் தொடங்கிவிட்டன.

அந்த அகராதியில் இல்லாத சொல் ஒன்றைச் சொல்கிறேன்: தோத்தாபுரி. 2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்தில் அந்த மாங்காயின் விலை சரிந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரும் என்று அறிவிப்பு வந்தது. சொன்ன விலை ஆலை வாசலில் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் குமுறினார்கள். பங்காருபாளையம் பக்கம் பேச்சுவழக்குப் பதிவுக்காகச் சென்றிருந்த எனக்கு, வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசும் முதியவர் ஒருவர் சொன்னது: “போன தடவ ஃபேனுக்குப் போட்டோம், இந்தத் தடவ சைக்கிளுக்குப் போட்டோம். ரெண்டு பேரும் சாமியப் பத்திப் பேசறாங்க. காய் வெலையப் பேசணும்னா எந்தக் குர்த்துக்குப் போடறது, நீயே சொல்லு நைனா.” சின்னத்துக்கு அவர் தெலுங்குச் சொல்லையே ஆண்டார். என்னிடம் விடை இல்லை. ஜூலை 9 அன்று ஜெகன் அங்கு வந்தார். மாங்காய் சாலையில் கொட்டப்பட்டது. அடுத்த நாள்களில், கொட்டியது யார் என்பதே விவாதமாயிற்று.

மக்களே மாறிவிட்டார்கள் என்பவர்கள் திருப்பதி மக்களவைத் தொகுதியைப் பார்க்க வேண்டும். 2024இன் அந்தப் பேரலையிலும், ஏழுமலையான் குடிகொண்ட இத்தொகுதியில் பாஜக வேட்பாளர் தோற்றார். திருப்பதி சட்டமன்றத் தொகுதியில் ஜனசேனாவுக்காக வென்ற ஆரணி சீனிவாசுலு, 2019இல் சித்தூரில் ஜெகன் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். வாக்காளர் கட்சியை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை. ஆள் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. எஞ்சியிருப்பது ஆட்சியைக் கவிழ்ப்பது ஒன்றே. 151 இடங்கள் 11 ஆனது அப்படித்தான். அப்போதும் ஜெகன் கட்சிக்கு ஏறத்தாழ 39 விழுக்காடு வாக்குகள் இருந்தன. நம் தேர்தல் முறை அந்தச் சலிப்பை ‘அலை’யாகப் பெருக்கிக் காட்டியது.

இது நம் ஊரின் தனி நோய் அன்று. கனடாவில் 2025இல் பிரதமரான மார்க் கார்னி, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்கள் எதிர்த்துவந்த நுகர்வோர் கரிம வரியைத் தாமே நீக்கிவிட்டுத் தேர்தலைச் சந்தித்து வென்றார். இடப்பக்கம் நின்ற புதிய ஜனநாயகக் கட்சி 7 இடங்களுக்குச் சுருங்கியது. அங்கே அண்டை நாட்டு அதிபர் மீதான அச்சம், இங்கே முந்தைய ஆட்சி மீதான கோபம். இரண்டிலும் வாக்கு ஒருவரைத் தடுக்கப் போடப்படுகிறது. தனக்கு வேண்டியதைக் கேட்க அதில் இடமில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் முடிவை வைத்து மக்களின் மனத்தை எழுதுமுன், வாக்குச்சீட்டில் எதைக் கேட்க வழியே இல்லாமல் இருந்தது என்று எழுதுங்கள். கட்சிகள் புதிதாகப் பேசும் சொற்களைத் தொகுக்கும்போது, பேசுவதை நிறுத்திய சொற்களையும் தேதியோடு குறியுங்கள். என் குறிப்பேட்டில் ‘ஹோதா’வுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் மாவட்டங்களில் அப்படி மறைந்த சொற்கள் எவை என்று அறிய விரும்புகிறேன்.