முழுக்கைச் சட்டைக்குள் ஒரு சோனா

கையில் வாட்ச் இருப்பதை முழுக்கைச் சட்டை காட்டிக்கொடுக்கக் கூடாது. டிரஸ் வாட்ச் என்று ஒன்றை யாராவது என் மேசையில் வைத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பித்தானைப் போட்டதும் கஃப் அதன்மேல் வழுக்கி இறங்க வேண்டும். கையை நீட்டினால் பாதி டயல் எட்டிப் பார்க்கலாம். மடக்கினால் உள்ளே போய்விட வேண்டும். கஃபில் இடித்துக்கொண்டு நிற்கிற வாட்ச் எத்தனை லட்சமானாலும் சரி, அது வேறு ஜாதி. அதைக் குறை சொல்லவில்லை, டிரஸ் வாட்ச் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துப் பக்கம் உட்கார்ந்து வாட்ச் பழுது பார்க்கிறேன். பேட்டரி போடுவதும் பட்டை மாற்றுவதும்தான் அன்றாடச் சாப்பாடு. கீ கொடுக்கும் மெல்லிசான வாட்ச் ஒன்று வந்தால் மட்டும் மற்றதையெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுவேன்.

எங்கள் பக்கம் அப்படி வருவதில் முக்கால்வாசி எச்.எம்.டி. சோனா. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது எச்.எம்.டி. ஜனதா, பைலட், ஜவான், கோஹினூர் என்று வரிசையாக வந்தன. அந்நாளில் கல்யாணச் சந்தைக்கு ராஜா காஞ்சன்தான். ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் காட்டும், தங்க முலாம், தடித்த உடம்பு; பந்தலின் கடைசி வரிசைக்கும் மின்னும். வரதட்சணை வாட்ச் என்றே அதற்குப் பெயர் உண்டு. சோனாவும் தங்க முலாம்தான். ஆனால் தேதி இல்லை, கிழமை இல்லை, தினமும் கீ கொடுக்க வேண்டும், தட்டையாக மணிக்கட்டோடு ஒட்டிக் கிடக்கும். காஞ்சன் கேட்டுச் சோனா வந்த வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்திருக்கலாம். இன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் கை சோனாவைத்தான் எடுக்கும்.

உலகத்தில் இந்த வகைக்கு முன்னோடி என்று பலரும் காட்டுவது பாடெக் ஃபிலிப்பின் கலத்ராவா 96. வந்த வருஷம் 1932, குறுக்களவு 31 மில்லிமீட்டர். இன்றைய இளைஞர்கள் அதைப் பெண்கள் வாட்ச் என்று சிரிப்பார்கள். வட்டமான கேஸ், கோடு கோடாகப் பதித்த குறிகள், 6 மணிக்கு மேலே சின்ன வட்டத்தில் செகண்ட் முள், அவ்வளவுதான். அதே 1932இல்தான் ஸ்டெர்ன் குடும்பத்தார் அந்த நிறுவனத்தை வாங்கினார்கள். அவர்கள் பரம்பரையாக டயல் செய்கிறவர்கள். டயலில் எதை வைக்காமல் விடலாம் என்பது டயல்காரனுக்குத்தானே தெரியும்!

இன்னொன்று நம் மண்ணில் கருவானது. இங்கே போலோ ஆடிய ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்தது. அதற்காகவே கேஸைப் புரட்டி முதுகைக் காட்டும்படி ஒரு வாட்சை லெகூல்ட்ரும் ஜேகரும் 1931இல் கொண்டுவந்தார்கள். பெயர் ரிவர்சோ. மைதானத்துக்காகப் பிறந்தது, இன்று விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகிற வாட்ச். மெல்லிசாகவும் அளவாகவும் இருந்ததால் தப்பித்தது என்பது என் எண்ணம்.

வெளியே சும்மா இருப்பது போலத் தெரிகிற வாட்சின் உள்ளேதான் வேலை அதிகம். தடித்த மெஷின் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சுமுனைக்கும் அது உட்காரும் சிவப்புக் கல்லுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், கூடிப்போனால் சாய்ந்து உரசும். மெல்லிய மெஷினில் அந்த ஆட்டத்துக்கான இடமே அற்பம். எண்ணெய் ஒரு பொட்டு கூடினால் கல்லை விட்டு வழிந்துவிடும். அது ஹேர்ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருளைத் தொட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் கண்டபடி முந்தி ஓடும். சோனாவின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 அடி அடிக்கிறது, செகண்டுக்கு 5. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,32,000. அதில் ஒரு நிமிஷம் பிந்தினால்கூடக் கொண்டுவந்தவர் என்னைத்தான் கேட்பார்.

எனக்குப் பிடித்த வேலை கடைசியில் வரும்: முள் பொருத்துவது. பழைய டிரஸ் வாட்ச் சிலவற்றில் முள் சப்பையாக இருக்காது. தென்னை ஓலை போல நடுவில் மடிப்பு ஓடும். லென்ஸை மாட்டிக்கொண்டு விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மடிப்பின் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் தெரியும். வாட்சைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டும் இடம் மாறும். மணியைப் படிக்க வைப்பது அந்த மாற்றம்தான். ரேடியப் பூச்சோ கொட்டை எழுத்தோ தேவையில்லை. சின்ன முள்ளை முதலில் அழுத்தி, பெரிய முள்ளை அதன்மேல் சரியாக 12இல் உட்கார வைக்க வேண்டும். பிறகு கீயை இழுத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பேன். ஒரு முள் இன்னொன்றைத் தாண்டும்போது உரசக் கூடாது, மேலே கண்ணாடியையும் தொடக் கூடாது. டயலிலிருந்து கண்ணாடி வரை உள்ள சொற்ப இடத்தில் இவ்வளவும் நடந்தாக வேண்டும்.

ஒரு பையன் அப்பாவின் பழைய சுவிஸ் வாட்சைக் கொண்டுவந்தான். இரண்டே முள்.

"என்னண்ணே, செகண்ட் முள்ளே இல்ல? ஓடுதா நிக்குதான்னு எப்படித் தெரியும்?"

"காதுல வச்சுப் பாரு தம்பி."

வைத்தான். அப்புறம் வெகுநேரம் எடுக்கவில்லை.

இங்கிருந்து மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கரையிலிருந்து வரும் வாட்சைப் பின்மூடி திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். கீ இறுகியிருக்கும். கீயை மெஷினோடு சேர்க்கும் தண்டு, அதாவது ஸ்டெம், துருவேறி, கொஞ்சம் அவசரப்பட்டுச் சுற்றினால் முறிந்து கையோடு வரும். முலாம் போன இடத்தில் பித்தளை எட்டிப் பார்க்கும், அதன் ஓரத்தில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று கடற்கரைக் கோயிலின் கருங்கல் சிற்பத்தையே முகம் தெரியாமல் தின்றிருக்கிறது. மைக்ரான் கணக்கில் பூசிய தங்கம் அதற்கு எம்மாத்திரம்?

அந்த ஊர்க் கல்தச்சர்கள் வேலை நேரத்தில் நல்ல வாட்ச் கட்ட மாட்டார்கள். கல்தூள் ஆகாது. அலமாரியில் வைத்து, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர் தன் சோனாவைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "உள்ளே என்ன வேணா பண்ணுங்க. கேஸுக்கு மட்டும் பாலிஷ் போடாதீங்க, முனை மழுங்கிடும்." பட்டை மாட்டும் நாலு காதுகளையும் விரல் நுனியால் தடவிக் காட்டினார். அங்கே இரண்டு தளங்கள் சந்திக்கும் விளிம்பு இன்னும் கூராக இருந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் கீறல் போக வேண்டும், புதுசு மாதிரி பளபளவென்று வேண்டும் என்பார்கள். விளிம்புக்காகக் கீறலைப் பொறுத்துக்கொள்கிறவர் அபூர்வம். உளி பிடித்த கைக்குத் தெரியும், போன விளிம்பை மறுபடி வைக்க முடியாது. கலத்ராவாவோ சோனாவோ, இந்த ரக வாட்சுக்கு அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை; விளிம்பும் இடைவெளியும்தான் சொத்து. அதைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தகரவட்டம்.

இதே காரணத்துக்காகத்தான் ரீடயல் என்றால் எனக்கு எரிச்சல். எச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழைய வாட்சுகளுக்குக் கிராக்கி கூடிவிட்டது. பழைய மெஷினில், யாரோ புதிதாக வர்ணம் அடித்த டயலைப் பொருத்தி நெட்டில் விற்கிறார்கள். மயில் நீலம், கிளிப் பச்சை. லென்ஸில் பார்த்தால் எழுத்து பிசிறடிக்கும், நிமிஷக் கோடுகள் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து நிற்கும். மங்கிப்போன வெள்ளை டயல், ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறியது, கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கீ கொடுக்கப் பொறுமையில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது டைட்டன் எட்ஜ். குவார்ட்ஸ் என்று மெக்கானிக்கல் பிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது டைட்டன், தொழிற்சாலை ஓசூரில். 2002இல் எட்ஜ் வந்தது. மொத்த வாட்சின் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே மெஷின் 1.15. அதிலும் தண்ணீர் புகாத கேஸ். கஃப் சோதனையில் அதை ஜெயிக்கிற வாட்சை இந்த மேசையில் நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும்: பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் கொடுத்து நெம்பச் சொல்லாதீர்கள், மூடி வளைந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் கடலைப் பார்த்துக் கல்யாணம் செய்வது இப்போது பெருகிவிட்டது. அப்பா வாட்சைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் மாப்பிள்ளைகள் ஒரு மாதத்துக்கு முன்பே சர்வீஸுக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல பழக்கம். அவர்களிடம் சொல்வது இதுதான்: காலையில் கையில் கட்டுவதற்கு முன்பே கீ கொடுத்துவிடுங்கள், கட்டிக்கொண்டு கொடுத்தால் ஸ்டெம் கோணும். கீ நின்றதும் நிறுத்திவிட வேண்டும், மேலே திருகக் கூடாது. தாலி கட்டி முடித்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்ததும் கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து போட்டோகிராபர் உங்கள் இரண்டு பேரையும் முழங்கால் தண்ணீரில் நிற்கச் சொல்வார்.