கருப்பிக்கு அம்மை

டிசம்பர் 4

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றதெல்லாம் குப்பைமேட்டுக்கு ஓடின. கருப்பி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கொண்டையிலும் தாடியிலும் கம்பு மணி அளவில் வெளிறிய கொப்புளங்கள். நேற்று இருந்தனவா தெரியாது. நான் கோழிகளை எண்ணித்தான் அடைக்கிறேன், பார்த்து அடைப்பதில்லை.

கோழிகள் என் மனைவியுடையவை. மகளின் பிரசவத்துக்கு பெங்களூர் போகிறபோது வாசலில் நின்று சொன்னது, "கருப்பியப் பாத்துக்குங்க". என்னைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

ராத்திரி போனில், "கோழியெல்லாம் நல்லா இருக்கா?" "ம்." நிறைமாதப் பெண்ணோடு இருக்கிறவளிடம் இதை எதற்குச் சொல்ல வேண்டும்? எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்பது மறக்காமல் இருக்கவே இந்த நோட்டு.

டிசம்பர் 5

எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். "அம்மா எறங்கியிருக்கா தம்பி. வீட்டுல தாளிக்காத. கறி எடுக்காத." பஞ்சாரத்தில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார்.

காலமெல்லாம் அறிவியல் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? இது வைரஸ், மழைக்காலத்தில் கொசு கடித்துப் பரவுகிறது, நமக்கு வரும் சின்னம்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மனிதருக்குத் தொற்றாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, கொசுவா வந்திருக்கா" என்றார்.

டிசம்பர் 6

துணிப்பையில் வைத்து பஸ்ஸில் கால்நடை மருந்தகம். வெள்ளைக் கழிச்சலாக இருக்குமோ என்று ஒரு பயம். அதுவானால் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஊர்க் கோழியையெல்லாம் வாரிக்கொண்டு போகும். டாக்டர் எச்சத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு அது இல்லை என்றார். அம்மைதான். வைரஸுக்கு மருந்து கிடையாது. தனியாக வைக்க வேண்டும், புண்ணில் சீழ் வைக்காமல் பார்க்க வேண்டும், மூன்று நாலு வாரத்தில் பொருக்கு தானே உதிரும். தடுப்பூசி இறக்கை மடிப்பில் குத்துவது, அதுவும் நோய் வருமுன். உதிர்கிற பொருக்கிலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். கூட்டிப் பொசுக்கச் சொன்னார்.

"வாய்க்குள்ள மஞ்சளாப் படலம் கட்டுதான்னு தெனமும் பாருங்க சார். அது வந்தா மூச்சடைச்சிரும்."

வரிசையில் ஆட்டோடு நின்றவர் கேட்டார், "அறுத்துக் குழம்பு வெச்சா முடிஞ்சுபோச்சு, இதுக்கா பஸ்ஸேறி வந்தீங்க?" பக்கத்தில் வேறு வேலையாக வந்தேன் என்றேன்.

டிசம்பர் 7

தாளிக்காத ரசம். கடுகு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கறிக்கடைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

டிசம்பர் 9

இரண்டு கண்ணும் மூடிவிட்டன. இமைமேல் பொருக்கு தடித்து ஒட்டிக்கொண்டது.

தீனித் தட்டின் முன்னால் நிறுத்தினால் தட்டின்மேல் ஏறி நிற்கிறாள். பசி இல்லாமல் இல்லை. கோழி பார்த்துத்தான் கொத்தும். பார்வை போனால் தானியத்தின் நடுவிலேயே பட்டினி கிடக்கும். அம்மையில் சாகிற கோழிகளில் பல இப்படிப் பட்டினியில்தான் சாகுமோ என்று தோன்றுகிறது. நெஞ்செலும்பு இப்போதே கைக்குக் கூராகத் தட்டுப்படுகிறது.

பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்தேன். அலகைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடுகிறது. அது மூச்சுக்குழாயின் வாய். கூழ் அதற்குள் போனால் கதை முடிந்தது. எழுதப் பழகும் பிள்ளைபோல விரல் நடுங்குகிறது. பிறகு பிடிபட்டது: வாயைத் திறக்கவே வேண்டாம். அலகின் ஓரத்தில் கம்பங்கூழை ஒரு சொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தால், அவளே சப்பி விழுங்குகிறாள். காத்திருப்பதுதான் வேலை. கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பார்த்து, அது கொஞ்சம் புடைத்தபின் விட்டேன். வாய்க்குள் படலம் இல்லை.

கூழ் அரை டம்ளர், நேரம் ஒரு மணிக்கும் மேல். நான் சாப்பிட்டேனா என்பது இந்த நோட்டில் வேண்டாம்.

டிசம்பர் 10

"கருப்பி முட்ட வெக்கிதா?"

"ஓய்வுல இருக்கு."

"அவளுக்கு என்ன ஓய்வு?"

டிசம்பர் 12

மஞ்சள், வேப்பிலை, பூண்டு அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன், கண்ணில் படாமல். சட்டை போச்சு.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி. எழுந்துபோய்ப் பார்த்தால் கூழ்க் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் கழிந்து, அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆத்திரம் வந்தது. ஆட்டுக்காரர் சொன்னது சரிதான். முட்டையும் இல்லை, கண்ணும் இல்லை, நன்றியும் இல்லை. எனக்கு வேறு வேலையே இல்லையா என்று உரக்கக் கேட்டேன். வேறு வேலை இல்லைதான்.

வெந்நீரில் கால் கழுவிவிட்டேன். கோழி உடம்பின் சூடு இயல்பாகவே நாற்பது டிகிரிக்கு மேல். விடியற்காலைக் குளிரில் அதை விட்டு இறக்க மனமில்லை.

டிசம்பர் 17

மழை.

டிசம்பர் 18

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊட்டிக்கொண்டே கேட்டேன். அவள் பேசப் பேச கருப்பி துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, போன் இருந்த பக்கம் திரும்பி, "கொக்... கொக்" என்றாள். இத்தனை நாளில் என்னிடம் ஒரு சத்தம் காட்டாதவள்.

"கோழி வீட்டுக்குள்ளயா இருக்கு?"

"வாசல்ல."

"ம்" என்றாள்.

டிசம்பர் 20

இடது கண்ணின் பொருக்கு வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறி, தானே கழன்றது. உள்ளே கண் இருந்தது! என்னைப் பார்த்ததும் முதல் காரியமாகக் கையைக் கொத்தினாள்.

அவித்த மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டேன். கோழிக்கே முட்டையா என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். வலது கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது. திறந்தாலும் பார்வை இருக்குமா தெரியாது.

ராத்திரி போனில் குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று வெகுநேரம் பேசினாள். வைக்கும்போது, "மஞ்சத்தூள் தீந்திருக்கும். மேல்தட்டுல பித்தள தூக்குல இருக்கு. கடுகும் அங்கதான்" என்றாள்.

தீர்ந்துதான் போயிருந்தது. கடுகைப் பற்றி நான் அவளிடம் கேட்டதே இல்லை.

டிசம்பர் 23

அவள் வருவது பொங்கலுக்கு அப்புறமாம். குழந்தைக்கு லேசாக மஞ்சள் காமாலை, வெயிலில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்க சமாளிச்சுக்குவீங்கல்ல?" சமாளிப்பேன் என்றேன்.

வெள்ளைக் குஞ்சின் மூக்கோரம் ஒரு புள்ளி தெரிகிறது. வெறும் கொசுக்கடியாகவும் இருக்கலாம். கம்பு வாங்க வேண்டும்.