போல

“இதைப் போல வேறு என்ன இருக்கிறது?” என்று கேட்பவனுக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. எந்த விதத்தில் ‘போல’ என்பதை அவன் சொல்வதில்லை. பல சமயம் அவனுக்கே அது தெரியாது.

என் வீட்டுக் கணிப்பொறியில் இருப்பது டெபியன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. பல தேசத்துத் தன்னார்வலர்கள் நடத்துவது. 2023இல் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில் 60,000க்கு மேற்பட்ட மென்பொருள் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு, ஒன்றே ஒன்று: விளையாட்டு, அஞ்சல், கணிதம், திருத்திகள் என்ற ரீதியில். எதிலும் அடங்காததற்கு ‘இதர’. ஈமாக்ஸ் திருத்திகள் பிரிவில் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே கடிதம் படிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், டெட்ரிஸ் ஆடலாம். மட் என்ற அஞ்சல் நிரலைப் போன்ற ஒன்றைத் தேடி அஞ்சல் பிரிவோடு நின்றுவிடுகிறவன் ஈமாக்ஸைச் சந்திக்கவே போவதில்லை.

ஒரே தலைப்பு என்ற நிர்ப்பந்தம் எனக்குத் தினசரிப் பழக்கம். வங்கியில் வரும் தொகை ஏதாவது ஒரு கணக்கில் விழுந்தாக வேண்டும். எதில் என்று தெரியாதது சஸ்பென்ஸ் கணக்கில் தங்கும். பணத்துக்கு இது நியாயம். ஒரே ரூபாய் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நிரலும் நூலும் ரூபாய் அல்ல.

இதை ஆழ்ந்து யோசித்தவர் 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் போதித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டபோது (சில பட்டைகள், சில திருகாணிகள், அவற்றிலிருந்து எத்தனையோ உருவங்கள்) அவருக்கு வழி புலப்பட்டதாகச் சொல்வார்கள். நூலுக்காக முன்கூட்டியே பெட்டி செய்து வைக்காமல், அதன் முகங்களைப் பிரித்தறிந்து முக்காற்புள்ளியிட்டுக் கோத்தார். அந்தக் கோலன் பகுப்புமுறை 1933இல் வந்தது. டெபியனுக்காக என்ரிகோ ஜினி தொடங்கிய டெப்டாக்ஸும் முகங்களை வைத்துத்தான் அமைந்தது. தமிழில் சொன்னால், ‘பயன்: திருத்தல்’, ‘கையாள்வது: படம்’, ‘இடைமுகம்: வெறும் எழுத்து’ என்று ஒரே பொதிக்குப் பல சீட்டுகள். நூலுக்காவது அலமாரியில் ஓரிடம் வேண்டும். நிரலுக்கு அதுவும் வேண்டாம். தேடுகிறவன் தனக்கு வேண்டிய முகங்களைச் சேர்த்துக் கேட்கலாம். ‘போல’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது.

நம் விமர்சனத்தில் இன்னமும் பிரிவுகள்தான். மௌனியில் லயித்த ஒருவன் அவரைப் போல யார் என்று கேட்டால், ‘மணிக்கொடி’ என்று அலமாரியைக் காட்டுகிறோம். அதே அலமாரியில் புதுமைப்பித்தனும் இருக்கிறார். கேட்டவன் மனதில் இருந்தது வாக்கியத்தின் நடையாக இருக்கலாம். மரணம் பற்றிய பிரக்ஞையாக இருக்கலாம். எது என்று நாம் விசாரிப்பதில்லை.

சீட்டுகளுக்கும் எல்லை உண்டு. ஒட்டுகிறவன் அந்த நிரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அறிமுகக் குறிப்பை மட்டும் படித்து ஒட்டினால், பின்னட்டையைப் படித்து எழுதும் மதிப்புரையின் கதிதான். நன்றாகவே ஒட்டினாலும், எல்லா முகங்களும் ஒத்துப்போகிற இரண்டு நிரல்களில் ஒன்று கைக்கு இணங்குகிறது, மற்றது இணங்குவதில்லை. ஏன் என்பதற்குச் சீட்டு கிடையாது. அதைச் சொல்ல ஒருவன் இரண்டையும் உபயோகித்துப் பார்த்து, வாக்கியங்களில் எழுதத்தான் வேண்டும்.