ஃபேனை நிறுத்துங்கடி, டேக் போறோம்

விராலிமலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளே செய்தி எழுதி, படம் பிடித்து, வாசித்து, வெட்டி ஒட்டுகிறார்கள் என்று நண்பர் சொன்னார். ஆசிரியர் சங்கத்துக்காரர், எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இந்த முறை கூட்டவில்லை.

ஒன்பதாம் வகுப்பு அறைதான் ஸ்டுடியோ. ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சுவரில் பந்தல்காரரிடம் வாங்கிய பச்சைத் துணி; எதிரே ஸ்டாண்டில் செல்பேசி. "ஃபேனை நிறுத்துங்கடி" என்றாள் ஒருத்தி. நின்றது. புதுக்கோட்டை வெயிலில் அதற்கப்புறம் அந்த அறையில் உட்கார ஒரு வைராக்கியம் வேண்டும்.

வாசிக்க வந்த பெண் பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள். திரையில் பச்சையை நீக்கி சித்தன்னவாசல் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பின்னால் வைத்தபோது, பின்னலின் நுனி காணாமல் போய் அங்கே ஒரு தாமரை பூத்திருந்தது. வகுப்பே சிரித்தது. கறுப்பு ரிப்பன் இரவல் வாங்கி மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு வரி போயிருக்கும், வெளியே மயில் அகவியது. விராலிமலையில் மயிலுக்கா பஞ்சம்! கட். மறுபடி டேக். மறுபடி மயில்.

இதை நடத்துகிற அறிவியல் ஆசிரியரை எல்லோரும் வெறும் 'சார்' என்கிறார்கள். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். கல்லூரி நாட்களில் கல்யாண வீடியோவுக்கு விளக்குப் பிடிக்கப் போனவர். மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், தாலி கட்டும்போது கை நடுங்கக் கூடாது, சூடு உள்ளங்கையில் ஏறும். ராத்திரி இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளை ஒயரால் இணைத்து, ஒன்றை ஓடவிட்டு மற்றதில் பதிவார்களாம். பதிகிற பெட்டி சற்றுத் தயங்கித்தான் கிளம்பும். அந்தத் தயக்கத்தை விரலே கணக்குப் பண்ணி முன்கூட்டி அழுத்த வேண்டும். "அந்த விரல்தான் சார் இன்னைக்கும் எடிட் பண்ணுது" என்றார்.

கல்யாண வீட்டார் கொடுத்த பணம் ஸ்டுடியோ முதலாளிக்கு. கேமராக்காரருக்கு ஒரு பங்கு, திருச்சியில் டைட்டில் போட்டவருக்கு ஒரு பங்கு. விளக்குப் பிடித்தவனுக்குப் பந்திச் சாப்பாடும் பஸ் காசும். இப்போது மட்டும் என்ன மாறிவிட்டது? பாடத்தைப் படம் பிடித்துத் தவணையில் பெற்றோர் தலையில் கட்டிய செயலிகள் எத்தனை! கடன் தீரும் முன்பே பிள்ளை அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். வசூலுக்கு வரும் தொலைபேசி மட்டும் நிற்காது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அரங்கம் அமைத்து, 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அதே வேலையைக் காசு வாங்காமல் செய்கிறது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான் அதில் பாடம் நடத்தினார்கள். அவர்களை யாரும் விளம்பரத்தில் காட்டவில்லை.

சார் அந்த நாட்களில் வீட்டுச் சமையலறையில் செல்பேசியை ஸ்டூலில் கட்டி, தன் வகுப்புக்கு மட்டும் பாடம் பதிந்து அனுப்பியவர். அப்போது படிந்தது இந்தச் சத்தப் பைத்தியம். "படம் மங்கினா பொறுத்துக்குவாங்க சார். சத்தம் கெட்டா சேனலை மாத்திடுவாங்க."

வாசிப்பு முடிந்ததும் யாரையும் எழவிடவில்லை. ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருக்க, அந்த வெற்றுச் சத்தத்தையும் பதிந்தார்கள். எந்த அறையிலும் முழு மௌனம் இல்லை. தூரத்து லாரி, டியூப்லைட் முனகல் என்று அதற்கென ஓர் இரைச்சல் உண்டு. மயிலை வெட்டி எடுத்த இடத்தில் இதை வைத்து ஒட்டினால்தான் காதுக்கு வெட்டு தெரியாது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் கேட்கவிட்டார்கள். முதலில் கிணற்றில் விழுந்ததுபோல் குரல் அறுந்தது, பிறகு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை.

செய்தி என்னவென்றால், பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் பள்ளி விடும் நேரத்தில் நிறுத்தத்தில் நிற்பதில்லை. மாணவிகள் பேட்டி, காலி நிறுத்தம், முடிந்தது என்று நினைத்திருந்தார்கள்.

"டிரைவர் என்ன சொன்னாரு?"

"அவரக் கேக்கல சார்."

"கேக்காம எப்படிம்மா போடுறது?"

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேர் செல்பேசியும் காகிதத்தில் எழுதிய கேள்விகளுமாக நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். பஸ் அன்றும் நிற்கவில்லை. அது போனதை முழுசாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். டிரைவரின் பதிலாக அதையே போடலாமா என்று சாரோடு இன்னும் வாதம் நடக்கிறது.