ரிலே சொல்வதும் ஆம்பியர் சொல்வதும்

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களில் போனிலிருந்தே மோட்டாரை ஓடவிடும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டுவது என் தொழில். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் த்ரீ ஃபேஸ் முறைவைத்துத்தான் வந்து பழக்கம், அதில் பாதி ராத்திரியில். மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்ச டார்ச்சோடு வரப்பில் நடந்தவர்களுக்குப் பாம்பு பயம் தெரியும். அந்த நடையை நிறுத்தத்தான் இந்தப் பெட்டி. வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது.

உள்ளே ஒரு சிம். கூப்பிட்டால் எடுக்கும். 1 அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். அந்த ஜோடியைக் கண்டதும் ரிலே இழுக்கும், கான்டாக்டர் டக்கென்று உட்காரும், மோட்டார் கிளம்பும். பட்டன் போனே போதும்.

சொன்னதைக் கேட்பது சுலபம். பதில் சொல்வதில்தான் வேலையே இருக்கிறது. சில பெட்டிகள் ரிலே இழுத்ததுமே "மோட்டார் ஓடுகிறது" என்றுவிடும். கான்டாக்டர் காயிலுக்கு இரண்டு ஃபேஸ் போதும். மூன்றாவது போயிருந்தாலும் அது உட்காரும். மோட்டார் சுற்றாமல் உறுமும், சுருள் கருகும். பெட்டியோ ஓடுகிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

"தம்பி, ஓடுதுன்னு சொல்லுது, வாய்க்கால்ல பொட்டுத் தண்ணி இல்லையே" என்றார் செக்கானூரணிப் பக்கம் ஓர் அம்மா. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அதனால் மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரிலும் கரண்ட்டை அளந்த பிறகே பேசுகிற பெட்டியைத்தான் மாட்டுகிறேன். 5 ஹெச்.பி. மோட்டார் தண்ணீரோடு ஓடினால் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். கிணறு வற்றினால் அது சரியும். உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு, பெட்டியே கூப்பிட்டு, "கிணத்துல தண்ணி இல்ல, நிறுத்திட்டேன்" என்று சொல்லும். த்ரீ ஃபேஸ் வந்தாலும் போனாலும் சொல்லும். அதற்காகவே உள்ளே சின்ன பேட்டரி. பேச்சுத் தமிழில், ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆம்பியர் கணக்கு எனக்கு. தோட்டக்காரருக்குத் தண்ணீர்க் கணக்கு.

சொட்டுநீர்த் தொட்டி தள்ளியிருந்தால் தொட்டியும் ஸ்டார்ட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், லைசென்ஸ் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில். தொட்டியிலிருந்து பேச்சே வராவிட்டால் இன்னும் நிரம்பவில்லை என்று ஸ்டார்ட்டர் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டி குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தரம் வராவிட்டால் மோட்டாரை நிறுத்தி வீட்டுக்குச் சொல்லும்படி வைக்கிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தொட்டி ரேடியோவின் சோலார் தகட்டில் புழுதி, இல்லையென்றால் எலி கடித்த ஒயர்.