காது சுட்டால் கள்ளனா?

உங்களுக்கு எப்போதாவது காது சுட்டிருக்கிறதா? காய்ச்சல் இல்லாமல், வெயில் இல்லாமல், யாரும் அறையாமல்?

சுட்டிருக்கும். இன்டர்வியூவில், பெண் பார்க்கப் போன வீட்டில், அல்லது மேனேஜர் நாலு பேர் முன்னால் "இந்த வவுச்சரை யாருப்பா போட்டது?" என்று கேட்கும்போது. போட்டது நீங்கள் இல்லையென்றாலும் சுடும். அதுதான் வேடிக்கை.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட்டுக்கு அப்பால் உடம்பைப் பற்றி அதிகம் அறியாதவன். ஆனால் இந்தக் காதுச் சூட்டை மட்டும் பல வருஷமாகத் துரத்தித் துரத்திப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஆயக்குடி. பழனிக்குப் பக்கம். கொய்யாப் பழத்துக்குப் பேர் போன ஊர். டிகிரி முடித்த புதிதில், பக்கத்தூரில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (கடை பேர் வேண்டாம், விடுங்கள்.) ஒரு நாள் சாயங்காலம் கல்லாவில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தையே பார்த்தார்.

என்னோடு வேலை பார்த்தவன் நல்ல சிவப்பு. பார்த்த பார்வையிலேயே கழுத்திலிருந்து நெற்றி வரை குப்பென்று ரத்தம் ஏறிவிட்டது. எனக்கும் இரண்டு காதும் தோசைக்கல்தான். ஆனால் நான் அட்டக் கறுப்பு. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"எடுத்தவன் மூஞ்சியே சொல்லுதே!" என்றார் முதலாளி.

"மொதலாளி, அவன் இன்னிக்குக் கல்லாப் பக்கமே வரலைங்க" என்றேன். யார் கேட்டார்கள்? மூன்றாம் நாள் கணக்கு நேரானது. ஒரு வியாபாரிக்குக் கொடுத்த பணம், பேரேட்டில் ஏறாமல் துண்டுச் சீட்டாக முதலாளியின் சட்டைப் பையிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இரண்டு பேருக்கும் ஒரே சூடு. காட்டிக் கொடுத்தது தோல். அதுவும் பொய்யாக!

முகத்தைப் பார்த்து மனசைப் படிப்பது நம் ஆட்களுக்குப் பழைய தொழில். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-வது அரசவைக்கு, 110-வது காதலுக்கு. நம் பாஷையில் சொன்னால், ஆபீசுக்கு ஒன்று, ஆபீஸ் விட்ட பிறகு ஒன்று. சிக்கல் என்னவென்றால், நரம்புக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூளையின் அடியில் ஹைபோதலமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. உடம்புச் சூட்டை 37 டிகிரி சுற்றுவட்டாரத்தில் நிறுத்தி வைக்கிற தெர்மோஸ்டாட் அதுதான். சூடு கூடினால், தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும். குளிர்ந்தால் மூடும். உத்தரவைக் கொண்டுபோவது சிம்பதெடிக் நரம்புகள். நம்மைக் கேட்டு நடக்காத, தானாக இயங்குகிற கோஷ்டி. பயம், வெட்கம், கோபம் வந்தாலும் இதே கோஷ்டிதான் இதே குழாய்களில் கை வைக்கிறது.

அந்த நரம்பு போகிற ரூட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூளையிலிருந்து கன்னம் ஒரு சாண் தூரம். நேராகப் போகக்கூடாதோ? போகாது. முதுகுத் தண்டு வழியாக நெஞ்சு வரை இறங்கி, அங்கே வெளியே வந்து, மறுபடி கழுத்தில் ஏறி முகத்துக்கு வரும். ஆயக்குடியிலிருந்து பழனிக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற மாதிரி!

1851-ல் க்ளோட் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்து சிம்பதெடிக் நரம்பை வெட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் காது மட்டும் சிவந்து சூடாகிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த கை விட்டதும் குழாய் திறந்துகொண்டது என்று அர்த்தம். ஆனால் முகத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மனசு பதறும்போது குழாயை வேலை மெனக்கெட்டு விரித்துவிடுகிற நரம்புகளும் அங்கே உண்டு. மனுஷனில் இந்த நரம்பு ஒரு பக்கம் பழுதானால், ஓடினாலும் வெட்கப்பட்டாலும் பாதி முகம் மட்டும் சிவக்கும். பழுதான பாதி வெளிறியே நிற்கும். 1988-ல் இதற்கு 'ஹார்லிக்வின்' என்று பெயரே வைத்தார்கள்.

இன்டர்வியூவுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கை ஐஸ் மாதிரி இருக்கும், முகம் கொதிக்கும். ஒரே நேரத்தில்! பதற்றத்தில் விரல்களுக்குப் போகிற நரம்பு குழாயைச் சுருக்குகிறது, முகத்துக்குப் போவது விரிக்கிறது. ஒரே ஆபீஸ், இரண்டு சர்க்குலர். எங்கள் ஊரில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தரும் மையம் ஒன்று உண்டு. படிக்க வருகிற பையன்களிடம் இதைச் சொன்னால், "அப்ப எனக்கு மட்டும் இல்லையாண்ணே?" என்று ஒரு நிம்மதி முகத்தில் தெரியும்.

இல்லை தம்பி, உலகத்துக்கே உண்டு. ஆனால் இதை ஒப்புக்கொள்ளவே ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் பலருக்கு மனசு வரவில்லை. கறுத்தவனுக்கு முகம் சிவக்காது, சிவக்காதவனை எப்படி நம்புவது என்று பேசியவர்கள் இருந்தார்கள். அதாவது என் முதலாளிக்கு நேர் எதிர்க் கட்சி. இவருக்குச் சிவந்தால் திருடன், அவர்களுக்குச் சிவக்காவிட்டால் திருடன். தப்பிக்க வழியே இல்லை!

சார்லஸ் டார்வின் 1867-ல் ஒரு கேள்வித்தாள் அடித்து உலகம் பூராவும் அனுப்பினார். வெட்கத்தில் முகம் சிவக்கிறதா, உடம்பில் எதுவரை சிவக்கிறது என்பது அதில் ஒரு கேள்வி. கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட அவருக்குக் கடிதங்கள் போயின. எல்லாம் சேர்த்து 1872-ல் புத்தகம் போட்டார். அதில், பர்ஜெஸ் என்ற டாக்டர் பார்த்த ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவள் முகத்தில் ஒரு தழும்பு. அந்த இடத்தில் மட்டும் நிறம் இல்லை. யாராவது அதட்டினாலோ, சின்னக் குற்றம் சாட்டினாலோ, அந்தத் தழும்பு மட்டும் சிவந்துவிடுமாம். தோலுக்கடியில் முகம் பூராவும்தான் ரத்தம் பாய்கிறது. ஜன்னல் திறந்திருந்த இடத்தில் தெரிந்தது. சிவப்புக் கொய்யா மாதிரி. வெளியே பச்சை, வெட்டினால்தானே தெரியும்!

குற்றம் சாட்டினால் சிவந்ததே தவிர, செய்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. அதை நான் இரண்டு தடவை படித்தேன்.

இன்னொரு கொடுமை, "ஏண்டா மூஞ்சி சிவக்குது?" என்று கேட்டாலே அதிகமாகச் சிவக்கும். நம்மை ஒருவர் பார்க்கிறார் என்ற நினைப்புதான் அதற்குப் பெட்ரோல். இதில் நொந்துபோய், நெஞ்சுக்குள் அந்த நரம்பை வெட்டும் ஆபரேஷனுக்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் அடங்கிவிடும். பலருக்கு அதற்குப் பதிலாக முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கொட்ட ஆரம்பித்துவிடும். இந்தக் குழாயை மூடினால் அந்தக் குழாய். வெட்கமே தேவலை.

எங்கள் ஊர்ச் சந்தையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஆயுசு பூராவும் தரகு பார்த்தவர். விற்க வந்தவன் மனசில் என்ன விலை வைத்திருக்கிறான் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார். "அண்ணே, மூஞ்சியைப் பார்த்தா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சியா? பெட்டியத் தூக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க வர்றவன் மூஞ்சில என்னத்தத் தம்பி பாக்குறது? எல்லாம் ஒண்ணுதான். நான் காலப் பாப்பேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா செருப்பு தானா ரோட்டப் பாத்துத் திரும்பிக்கும். அவன்கிட்ட அஞ்சு ரூவா கொறச்சுக் கேக்கலாம்."