வடிகாலில் தொடங்கும் கணக்கு

“அங்கிள், வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?”

நண்பரின் மகன் கேட்டான். இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வெளியே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விற்பனைக்கு நின்ற சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்திருந்தான். 1,500 பவுண்டு கேட்கிறார்களாம். முகமெல்லாம் அந்தக் கார்தான். நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன்.

என்னிடம் இருப்பதும் அதே கார்தான். 1996 மாடல், 1.8 லிட்டர் எஞ்சின். 2013-இல் 1,900 பவுண்டு கொடுத்து வாங்கினேன். அன்று முதல் அதற்காக என் கையிலிருந்து போன ஒவ்வொரு காசும் அந்த நோட்டில் இருக்கிறது. கூட்டி வகுத்தால் வருடச் சராசரி ஒன்று வரும். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு வருடம் ஆயில், ஃபில்டர், எம்ஓடி என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனைக் கட்டணம் 54.85 பவுண்டு, அவ்வளவோடு முடிந்திருக்கிறது. இன்னொரு வருடம் கார் வாங்கிய விலையையே விழுங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஒரு பையனிடம் கொடுத்தால், அவன் அதை நம்பிப் பணம் ஒதுக்குவான். அது அவனுக்குச் செய்யும் கெடுதல்.

நோட்டைப் பல தடவை புரட்டிய பிறகு எனக்குப் புரிந்தது இது: அதிலுள்ள பெரிய தொகைகளில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் முன்னால், சில வருடங்களுக்கு முன் யாரோ செய்யாமல் விட்ட ஒரு சின்ன வேலை இருக்கிறது. காசே ஆகாத வேலை, அல்லது சில்லறையில் முடிகிற வேலை.

கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி போன்ற தகரச் சட்டத்தை இங்கே ‘சில்’ என்பார்கள். மேலே தகரக் கூரை இல்லாத காரில் வண்டியின் விறைப்பைத் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. துணிக்கூரை மேல் விழும் மழைத்தண்ணீர் பின்பக்கம் வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள ஓட்டைகளில் இறங்கி, ரப்பர் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் வெளியேற வேண்டும். அந்த வாயில் நாலு இலை விழுந்து மக்கினால் போதும். தண்ணீர் தேங்கும், வழிமாறும், சில்லுக்குள் இறங்கும். வெளியிலிருந்து குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு, உள்ளிருந்து வெளியேற வழியில்லாத மழைத்தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் தகரம் எத்தனை நாள் தாங்கும்?

வாங்கிய மூன்றாம் வருடம் சில்லின் பின்முனையில் ஐந்து பென்ஸ் காசு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் பிஸ்கட் போல நொறுங்கி விரல் உள்ளே போனது. பழுப்பு நிறத்தில் ஈரத் துருத்தூள் உள்ளங்கையில் கொட்டியது. கூடவே கறுத்துப்போன ஒரு இலைக்காம்பு. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்து இலையாக இருக்கும். வெல்டர் வெளித்தகரத்தை வெட்டி எடுத்ததும் உள்ளே பார்த்தேன். உள்தகரமும் சல்லடையாகக் கிடந்தது. வெளியே மட்டும் ஒரு ஒட்டுப் போட்டு, கறுப்புத் தார் பூசிக் கொடுத்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். மூன்றே வருடத்தில் திரும்பவும் போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் புதுத் தகரம் வைத்து, இடைவெளி விடாமல் பற்றவைத்தார். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சட்டம் பலமிழக்கிற அளவுக்குத் துரு இருந்தால் எம்ஓடியில் கார் தேறாது; அங்கே ஒட்டுப் போட்டாலும் முழு நீளத்துக்கும் பற்றவைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெயின்டோடு சேர்த்து 1,150 பவுண்டு ஆயிற்று. நோட்டில் மிகப்பெரிய வரி அதுதான். அதைத் தடுத்திருக்கக்கூடிய வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை பத்து நிமிடம்: புல்வெட்டும் கருவியின் நைலான் நரம்பு ஒரு முழம் எடுத்து வடிகாலுக்குள் மெதுவாக விட்டு ஆட்டுவது. கம்பி விடக்கூடாது, ரப்பர் கிழியும்.

இப்படிச் சொல்வதால் இது பலவீனமான கார் என்று நினைத்துவிடக் கூடாது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானபோது இதன் பெருமையே எளிமைதான். ஒரு டன்னுக்குக் குறைந்த எடை, முன்னால் நாலு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம். போனட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கை போகும். 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. ஜப்பானில் மாஸ்டாவே முதல் தலைமுறைக் கார்களை எடுத்துப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையை 2018-இல் தொடங்கியது. நின்றுபோன பாகங்கள் சிலவற்றை அதற்காகத் திரும்பவும் செய்தார்கள். இவ்வளவு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த விலையில் இத்தனை பாகம் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் கவனிப்பவருக்கு இது மலிவான கார்.

எஞ்சினிலும் அதே கதைதான். சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். வயதானால் இறுகி, ஆயில் கசியும். கசியும் ஆயில் நேராகக் கீழே ஹீட்டர் குழாய்கள்மேல் சொட்டும். ஆயிலில் ஊறிய ரப்பர் குழாய் இளகி உப்பும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். தண்ணீர் முழுக்கப் போய் எஞ்சின் கொதிக்கும். ஹெட் கேஸ்கட் போகும். வளையத்தின் விலை ஒரு டீயின் விலை. என் கார் குழாய் இளகும் கட்டத்திலேயே காட்டிக்கொடுத்தது. விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெல்ட்டைக் கழற்றாமல் வாட்டர் பம்பைத் தொட முடியாது என்பதால், திறந்த கையோடு பம்ப், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். பாகங்களுக்கு 140 பவுண்டு, எனக்கு ஒரு சனி ஞாயிறு. புது பெல்ட் போட்டதும் இரண்டு கேம் சக்கரங்களிலும் உள்ள ‘I’, ‘E’ குறிகளுக்கு நடுவே 19 பல் இருக்கிறதா என்று எண்ணுவேன். எண்ணிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி எண்ணுவேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது உண்மை. அதை நம்பி ஒத்திப்போடுகிறவர்களுக்கு, இரவில் மழையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் அனுபவம் காத்திருக்கிறது.

எல்லா வேலைகளிலும் எனக்குப் பிடித்தது கியர் லிவர் வேலை. லிவரின் அடியில், கியர்பாக்ஸின் மேல், தனியாகச் சின்னக் கிண்ணம் போல ஒரு இடம். அதில் ஏறக்குறைய 80 மில்லி ஆயில் இருக்க வேண்டும். மேலே ஒரு ரப்பர் உறை. அது கிழிந்தால் கீழிருந்து வெக்கையும் இரைச்சலும் உள்ளே ஏறும், கோடையில் லிவர் சுடும். நான் திறந்தபோது கிண்ணத்தில் ஆயிலே இல்லை. அடியில் கரிய பசை மட்டும் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்து, லிவர் நுனியில் புது நைலான் புஷ் மாட்டி, ஆயில் ஊற்றி, புது உறை போட்டு, லிவரை மெல்ல இறக்கினேன். பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினேன். விரல் நுனியில் ஒரு சின்ன ‘டிக்’. மணிக்கட்டை ஆட்டும் தூரம்தான். இந்தக் காரை வடிவமைத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது அந்த நொடியில் என் கைக்குத் தெரிந்தது. மொத்தம் முப்பது பவுண்டு. எந்த ஷோரூமிலும் அந்தத் தொகைக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

மற்றவை எதிர்பார்க்கக்கூடிய செலவுகள். பின் பிரேக் காலிப்பர் இறுகும். வருடத்துக்கு ஒருமுறை ஊசிகளைக் கழற்றிக் கிரீஸ் வைத்தால் இறுகாது. கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசியும்; மாஸ்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. 14 அங்குல டயர் என்பதால் நாலும் மாற்றினால்கூடப் பெரிய தொகை வராது. கூரையின் பிளாஸ்டிக் கண்ணாடியைக் குளிரில் மடித்தால் விரிசல் விட்டுவிடும். எப்போது மடித்தாலும் முதலில் அதன் ஜிப்பைத் திறந்து படுக்கவைக்க வேண்டும். சாலை வரியில் ஒரு சிறு வருத்தம் உண்டு: 2001 மார்ச்சுக்கு முந்தைய கார்களுக்கு எஞ்சின் அளவுதான் கணக்கு, 1549 சிசிக்கு மேல் போனால் கூடுதல் வரி. 1.6 எஞ்சின்கூட 1597 சிசி.

பையன் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தான். “அப்ப 1,500-க்கு வாங்குறது நல்லதா, 4,000-க்கு வாங்குறது நல்லதா?”

முன்னால் வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதைத்தான் வாங்குகிறோம் என்றேன். பில்களை அடுக்கி வைத்திருப்பவர் 4,000 கேட்டால் கொடுக்கலாம். பளபளவென்று பாலிஷ் போட்டு, அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசி 1,500 கேட்டால் எனக்குப் பயம்தான். பதிவு எண்ணைப் போட்டு அந்தக் காரின் எம்ஓடி வரலாற்றைப் பார்த்தோம். அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. நாலு வருடமாகச் சில்லில் துரு என்று எச்சரிக்கை வந்திருந்தது. போன வருடம் மட்டும் அந்த வரி இல்லை. சரிசெய்திருக்கலாம். மறைத்திருக்கலாம்.

மறுநாள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு இருவரும் போனோம். விற்கிறவர் நல்ல மனிதர், தாராளமாகப் பாருங்கள் என்றார். கூரையைப் பாதி மடித்து, இடதுபக்க மூலையில் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். பையன் தரையில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். “வருது அங்கிள்” என்றான். கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது.

வலதுபக்கம் ஊற்றினேன். வடிகாலின் வாயில் தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு நிமிடம் காத்திருந்தோம். தரை காய்ந்தே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, கதவுக்குக் கீழே கை வைத்து, விரல் முட்டியால் சில்லைத் தட்டத் தொடங்கினான். முன்னாலிருந்து பின்னால், ஒவ்வொரு அங்குலமாக. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது சத்தம் மாறியது. திரும்பி என்னைப் பார்த்தான்.